வாசலில் இரண்டடி இடம்

எங்கள் வீட்டு நாய் கோலத்தை மிதிக்காது. இதை நான் சொல்ல ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர்கள் தங்கள் நாயின் வீரதீரத்தை எடுத்துவிடுவார்கள். நல்ல பாம்பைக் குதறிப் போட்டதாம், குளத்தில் விழுந்த குழந்தையைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்ததாம். எங்கள் நாய் அப்படியெல்லாம் எதுவும் செய்யவில்லை. ஒரு விடியற்காலையில் திருடன் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துப் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனான். அப்போது அது வாசலில் உட்கார்ந்து கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பொறுப்பு கோலம், அண்டா இல்லை. ஒரே வேலையை எட்டு வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாமல் செய்தார் என்று எத்தனை பேரைப் பற்றிச் சொல்லிவிட முடியும்? ஆபீஸ் குமாஸ்தாவான என் அப்பாவைப் பற்றிச் சொல்ல முடியாது.

அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் திருச்சியில் பாதி நாய்களுக்கு அந்தப் பெயர்தான். அதன் தகுதிக்கு அது ரொம்பக் குறைச்சலான பெயர்.

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா தினமும் பஸ் பிடித்துக் காவிரியைத் தாண்டித் திருச்சிக்கு வேலைக்குப் போய்வருவார். எழுபத்தேழாம் வருஷ வெள்ளத்தில் தென்னூர்ப் பக்கம் தண்ணீர் புகுந்து வடிந்த சமயம், ஒரு சாயங்காலம் சாப்பாட்டுக் கூடையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மா தன் கையால் பின்னிய பச்சை ஒயர் கூடை அது. உள்ளே டிபன் கேரியருக்கு மேலே, சேறு காய்ந்து ஒட்டிய ஒரு பழுப்புக் குட்டி இருந்தது.

அம்மா கூடையையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். "சாப்பாட்டுக் கூடையிலயா?" என்றாள்.

"ஆபீஸ் மாடிப் படியில தனியா நின்னுச்சு. வேற எதுல கொண்டு வரது?" என்றார் அப்பா.

அம்மா அந்தக் கூடையை அதற்குப் பிறகு தொடவில்லை. குட்டி அதிலேயே தூங்கியது. வளர்ந்து உடம்பு கொள்ளாமல் போன பிறகும் தலையை மட்டும் கூடைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு நாய் என்றால் ஆகாது. அதை ஒரு நாளும் தொட்டதில்லை. வீட்டுக்குள் விட மாட்டாள். கொல்லையில் அலுமினியத் தட்டை வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று, விளக்குமாற்றுக் குச்சியால் தட்டை அதன் பக்கம் தள்ளுவாள். ஆனால் தட்டில் இருப்பது நாங்கள் சாப்பிட்டதேதான். ரசம் சாதம் என்றால் அதற்கும் ரசம் சாதம், ஏகாதசிக்கு எங்களுக்கு உப்புமா என்றால் அதற்கும் உப்புமா. காக்காய்க்குச் சோறு வைத்த பிறகுதான் தட்டு வரும். நாயும் காக்காய் வந்து கொத்துகிற வரைக்கும் மதில் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கும், குரைக்காது. எங்கள் சொந்தக்காரர்களில் பந்தியில் அவ்வளவு பொறுமையாக உட்காரத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

கோலத்துக்கு வருகிறேன். எங்கள் சந்தில் அம்மாவின் கோலத்துக்கு ஈடு கிடையாது. இழை நடுங்காது, புள்ளி தப்பாது. மார்கழியில் வீதியில் இருந்தெல்லாம் பெண்கள் நோட்டும் பென்சிலுமாக வந்து பார்த்து வரைந்துகொண்டு போவார்கள். குட்டி வந்த முதல் வாரம் அது கொல்லையிலிருந்து வீட்டை ஒட்டி வெளியே இருந்த நடை வழியாக ஓடிவந்து கோலத்தின் மேலேயே புரண்டது. அம்மா திட்டவில்லை. அழித்தாள், மறுபடி தண்ணீர் தெளித்தாள், மறுபடி போட்டாள். அது மறுபடி புரண்டது. அன்று காலை நாலு தரம் போட்டாள். நாலாவது தரம் குட்டி படி ஓரமாக உட்கார்ந்து, மாவு விழுகிற விரலையே தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. அம்மா அதை அடித்துத்தான் பழக்கினாள் என்று என் சித்தப்பா ஒரு கல்யாணத்தில் சொன்னார். நான் இலையிலிருந்து எழுந்து போய்ச் சண்டை போட்டேன். நான் கூட இருந்து பார்த்தவள்.

அதற்குப் பிறகு தினமும் விடியற்காலையில் அம்மா வாளியோடு வாசலுக்கு வந்தால் அதுவும் நடை வழியாக வந்துவிடும். அவள் போட்டு முடிக்கிற வரை உட்கார்ந்திருக்கும். முடித்ததும் படிக்கு இடப்பக்கம் சுவர் ஓரமாகப் படுத்து, முன்னங்கால்களின் மேல் முகத்தை வைத்துத் தெருவைப் பார்க்கும். பால்காரர் சைக்கிளை எங்கள் வாசலில் உருட்டித்தான் போவார். எதிர்வீட்டுப் பசு மாடு தினமும் பழக்கத்தில் எங்கள் வாசலுக்கு வரும், நாய் எழுந்து நின்றதும் திரும்பிப் போகும். தான் வெளியே போவதென்றாலும் கோலத்தைச் சுற்றி, சுவரோடு உரசிக்கொண்டு ஒதுங்கித்தான் போகும். சுவரில் அதன் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடே விழுந்துவிட்டது. பொங்கலுக்கு வெள்ளையடித்தால் மாட்டுப் பொங்கலுக்கெல்லாம் கோடு திரும்ப வந்துவிடும்.

அவ்வளவு பெரிய கோலக்காரியான அம்மாவின் கோலத்தில் ஒரே ஒரு குறை. வாசலுக்கு நடுவில் இருக்காது. வலப்பக்கம் ஒதுங்கியே இருக்கும். "உன் கோலத்துக்கு மாறுகண்ணும்மா" என்று நான் கேலி செய்வேன். "படி கோணலாக் கட்டியிருக்கான்டி, அதான்" என்பாள். படியும் கொஞ்சம் கோணல்தான். அதனால் நானும் நம்பிவிட்டேன்.

எனக்கு இருபது வயது ஆகியிருந்தது. மூன்று வரன் வந்து மூன்றும் தட்டிப் போயிருந்தது. ஒருவர் ஜாதகம் சரியில்லை என்றார், ஒருவர் நிறம் என்றார், மூன்றாமவர் காரணமே சொல்லாமல் தபாலில் போட்டோவைத் திருப்பி அனுப்பினார். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் தாயார் சன்னதிக்குப் போய் நின்று, வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வருவாள். அந்தத் தையில் தரகர் தொட்டியத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். வாழைத் தோட்டக் குடும்பம், பையன் முசிறியில் பள்ளிக்கூட வாத்தியார். போட்டோவைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. இதை இப்போது சொல்ல என்ன வெட்கம்? அந்தப் போட்டோவை டிக்ஷனரிக்குள் வைத்து, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு அர்த்தம் தேடினேன். தை மூன்றாம் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்குப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அதற்குப் பத்து நாள் முன்னாலேயே நாய் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. அப்பா சைக்கிள் ரிக்‌ஷா வைத்து, காவிரிப் பாலம் தாண்டி, அதைத் திருச்சி மாட்டாஸ்பத்திரிக்கு மடியில் வைத்துக் கூட்டிப் போனார். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, "ஈரல் போயிடுச்சுங்க. ஊசி போடறேன், பாக்கலாம்" என்றாராம். அம்மா நொய்க்கஞ்சி வைத்தாள். விளக்குமாற்றுக் குச்சியால் தள்ளுகிற வழக்கம் அந்த வாரம் நின்றுவிட்டது. தட்டைக் கையாலேயே அதன் மூக்குக்குக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு வாய் குடி. உனக்குத்தான் வெச்சேன்" என்பாள். அவள் மனம் நோகக் கூடாது என்பதற்காகவோ என்னவோ ஒரு வாய் நக்கும். அந்த நிலையிலும் விடியற்காலையில் எழுந்து, சுவரில் சாய்ந்து சாய்ந்து வாசலுக்கு வந்து படுத்தது. எனக்கு லேசாக ஜலதோஷம் பிடித்தாலே நாலு நாள் படுக்கையை விட்டு எழ மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போது அம்மா அப்பாவைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். வாளி நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது. மாவு டப்பா திறக்கவில்லை. நாய் தன் இடத்தில் முன்னங்கால்களின் மேல் முகத்தை வைத்துத் தெருவைப் பார்த்தபடி இருந்தது. அப்பா குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"போயிடுச்சாங்க?" என்றாள் அம்மா.

அப்பா தலையை ஆட்டினார். அம்மா உள்ளே போய் அவருடைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். கிழிந்தது இல்லை, நல்ல வேட்டி. குனிந்து அதன் மேல் போர்த்தினாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அதன் தலையில் கை வைத்து, காதை ஒரு தரம் நீவி விட்டாள். கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் அப்பாவும் நானும் கடப்பாரையால் குழி தோண்டினோம். பச்சைக் கூடையையும் அதன் தலைமாட்டில் வைத்தோம். குழியில் போட உப்பு வேண்டும் என்றார் அப்பா. வெள்ளிக்கிழமையில் உப்பை யாருக்கும் எடுத்துக் கொடுக்கவே கூடாது என்பது அம்மாவின் சட்டம். பக்கத்து வீட்டார் ஒரு சிட்டிகை கேட்டாலும் நாளைக்கு வாங்க என்பாள். அவள் கல்லுப்பு ஜாடியையே தூக்கிக்கொண்டு வந்து கவிழ்த்தாள்.

நான் அழுதேன். முகம் வீங்கி, மூக்கு சிவந்து, பத்து மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்கிற நினைப்பே இல்லாமல் அழுதேன். ஆனால் மனசு எவ்வளவு கேவலமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எட்டரை மணிக்கு எதிர்வீட்டு அக்கா கூஜாவில் காபியோடு வந்தார். எங்கள் வாசலில் கோலம் இல்லாததைப் பார்த்து, யாரோ போய்விட்டார்கள், அடுப்புப் பற்றவைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக் கொண்டுவந்த காபி. நாய் என்று தெரிந்ததும் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு, "பரவால்ல, குடிங்க. அதுவும் உசிருதானே" என்று வைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோலம் இல்லாத வாசல் என்றால் சாவு வீடு. வருகிறவர்களும் அதைத்தானே நினைப்பார்கள்?

அம்மா குளித்துவிட்டுக் கூந்தலை முடியாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. கேசரிக்கு ரவை வறுக்கவில்லை. "அம்மா, பத்து மணிக்கு வராங்கம்மா" என்றேன். "வரட்டும்" என்றாள். அதற்கு மேல் கேட்கத் தைரியம் இல்லை. நான் ஓசைப்படாமல் வாளியையும் மாவு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அழுதுகொண்டேதான் போனேன். ஆனாலும் போனேன். வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்து, பளிச்சென்று, நடு வாசலில் பெரிய கோலமாகப் போட்டேன். எனக்கும் நன்றாகவே வரும்.

கடைசி இழையைச் சேர்க்கும்போது பின்னால் அம்மா நின்றாள். கோலம் போட்டதற்குத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அங்க ஏன்டி தண்ணி தெளிச்ச?" என்றாள். "அது படுக்கற எடம். ஈரமா இருந்தா அது எப்படிப் படுக்கும்?"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வாசலைப் பார்த்தேன். என் கோலத்தின் இடப்பக்கச் சுற்று முழுக்க அந்த நாயின் இடத்தின் மேல் விழுந்திருந்தது. அப்போதுதான் புரிந்தது. எட்டு வருஷமாக அம்மா சுவரோரம் இரண்டடியைத் தண்ணீர் தெளிக்காமல் காய விட்டு, அதை விட்டுத் தள்ளிக் கோலம் போட்டிருக்கிறாள். ஊரெல்லாம் வந்து பார்த்த கோலத்தை ஒரு நாய் படுப்பதற்காகக் கோணலாகப் போட்டுவிட்டு, பழியைப் படியின் மேல் போட்டிருக்கிறாள். அதுவும் வேறு எங்கும் படுக்காமல், அவள் விட்ட அந்த இரண்டடியில்தான் படுத்திருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்ளாமலேயே இதை நடத்தியிருக்கிறார்கள். நான் அந்த வீட்டிலேயே இருந்துகொண்டு மாறுகண் என்று கேலி பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா வாளியைத் தூக்கிக் கோலத்தின் மேல் கொட்டி அழித்தாள். "இன்னிக்கு வேணாம்மா. இந்த வீட்ல ஒரு உசிரு போயிருக்கு. வரவங்களுக்கு அது தெரியட்டும்" என்றாள். படியில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் வாய்விட்டு அழுதாள். தாயார் சன்னதியில் மூன்று வருஷமாக எனக்காகக் கேட்டது அவள்தான். அன்றைக்கு அது கையை விட்டுப் போனாலும் போகட்டும் என்று இருந்தவளும் அவள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வரன் போய்விடுமே என்கிற பயமும் எனக்கு இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். பையனுடைய அப்பா, அக்கா, தரகர், மூன்று பேர். பையனின் அப்பா தோளில் ஒரு பூவன் தார் வாழைப்பழம் வைத்திருந்தார். ஈர வாசலையும், கோலம் இல்லாததையும், என் வீங்கிய முகத்தையும் பார்த்தார். அப்படியே நின்று தாரை இறக்கித் தரகரிடம் கொடுத்து, பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். செருப்பைக் கழற்றினார்.

"யாருங்க தவறிட்டாங்க?" என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

அப்பாவுக்குப் பொய் வராது, உண்மையும் சட்டென்று வராது. "அது வந்துங்க... வீட்டு நாய்ங்க" என்றார்.

தரகர் சிரித்துவிட்டார். "நாய்தானா? நான் பயந்தே போயிட்டேன். வாங்க வாங்க, உள்ள போலாம். நல்ல நேரம் போயிடப் போகுது."

பையனின் அப்பா சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "எத்தனை வருஷமாங்க?" என்று கேட்டார்.

"எட்டு" என்றாள் அம்மா.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பி நடந்தார். மகளும் பின்னாலேயே போனாள். தெருமுனைப் பெட்டிக்கடையில் அந்தத் தாரை வைத்துவிட்டுப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. தரகர் மட்டும் திரும்பி வந்து, "ஒரு நாயால தங்கமான எடம் போச்சுங்க" என்று அப்பாவிடம் சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

நான் அம்மாவோடு நாலு நாள் பேசவில்லை. எனக்கு நாய் மேலும் கோபம். ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ போயிருக்கக் கூடாதா என்று கறிவேப்பிலை மரத்தடியில் போய்ச் சண்டை போட்டேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஐந்தாம் நாள் அம்மாவே என்னிடம் வந்தாள்.

"அவரு சொல்லாம போனாரு பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன். கோவிச்சுக்கிட்டுத்தான் போனாரு" என்றேன்.

"அதில்லடி. துக்கம் விசாரிக்க வந்தவங்கதான் போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது, சொல்லாமத்தான் போகணும். அவரு துக்கத்துக்கு வந்த மாதிரி போயிருக்காரு."

நானும் நம்பவில்லை, அப்பாவும் நம்பவில்லை. அம்மா மறுநாளிலிருந்தே பழையபடி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அதே வலப்பக்கம்தான். சுவரோரம் இரண்டடி காய்ந்தே கிடந்தது.

பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பையனின் அப்பா, புதிதாக வெட்டிய ஒரு பூவன் தாரோடு. அவருக்குப் பின்னால் டிக்ஷனரிக்குள் இருந்த முகம். "பதினாறு முடிஞ்சிடுச்சில்லைங்க? அதான் வந்தோம்" என்றார் அப்பாவிடம். உள்ளே வரும்போது கோலத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு தாரைத் தோளில் மாற்றிக்கொண்டு, இடப்பக்கம் சுவரோடு உரசியபடி, அந்தக் காய்ந்த இரண்டடி வழியாக ஒதுங்கி உள்ளே வந்தார். வெள்ளை வேட்டியில் பழுப்புக் கோடு ஒட்டிக்கொண்டது.

அன்று கேசரி கிளறிக்கொண்டே அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"இந்த எடம் சரியா வரும்டி" என்றாள். "அவரு நம்ம நாய் மாதிரியே வந்தாரு, பாத்தல்ல?"

என் மாமனாரோடு இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன். அம்மா யாரையும் அதற்கு மேல் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அவரிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லியிருக்கலாம்.